மொட்டையின் நாலாவது காம்பு

மாட்டுக்கொட்டகையைப் பங்கு போடு என்றால் எல்லோரும் நடுவில் ஒரு சுவர் எழுப்புவார்கள். இந்த அக்கா தங்கைக்கு அவர்களுடைய மாமா நாளைப் பங்கு போட்டுக் கொடுத்தார். காலைப் பால் பெரியவளுக்கு, மாலைப் பால் சின்னவளுக்கு. இரண்டு வருஷத்துக்கு முன்னால், அப்பா போய் ஒரு மாதம்கூட ஆகாத ஒரு மத்தியானம், வாயில் சோற்றை வைத்துக்கொண்டே இந்தத் தீர்ப்பைச் சொன்னார். எவள் நேரம் தவறிக் கறக்கிறாளோ அவளுடைய வேளை மற்றவளுக்குப் போய்விடும் என்று ஒரு பின்குறிப்பும் சேர்த்தார். பிறகு மோர் கேட்டார்.

எட்டு மாடுகள். நாலு நாலாகப் பிரித்திருந்தால் ஐந்து நிமிஷ வேலை. ஆனால் மொட்டை இருந்தாளே. கொம்பே முளைக்காததால் அவளுக்கு அந்தப் பெயர். அவள் பிறக்கும்போது ஒரு கால் மடங்கி மாட்டிக்கொண்டது. சின்னவள்தான் முழங்கை வரை கையை விட்டு இழுத்தாள். தாய்ப்பசு பிழைக்கவில்லை. இரண்டு மாதம் புட்டிப்பால் கொடுத்து வளர்த்ததும் சின்னவள்தான். பெரியவளுக்கும் சொல்ல ஒரு கதை உண்டு. முதல் ஈற்றில் மொட்டை யாரையும் மடியில் கை வைக்க விடவில்லை. உதை வாங்கி, ஒரு விரல் ஒடிந்து, அவளைக் கறவைக்குப் பழக்கியவள் பெரியவள். அந்த விரல் இன்னும் கோணலாகத்தான் இருக்கிறது. ஆக, மற்ற ஏழையும் நீயே வைத்துக்கொள், மொட்டையை எனக்குக் கொடு என்று இரண்டு பேருமே சொன்னார்கள். இரண்டு பேருமே மாட்டேன் என்றும் சொன்னார்கள்.

பங்கு போட்ட பிறகு பேச்சு நின்றுபோனது. ஒரே வீட்டை நடுவில் பலகை அடித்து மறித்துக்கொண்டு, முன்பக்கம் பெரியவளும் அவள் புருஷனும், கொட்டகையை ஒட்டிய பின்பக்கம் சின்னவளும் இருந்தார்கள். சாணி அள்ளுவது ஒற்றைப்படை நாளில் அவள், இரட்டைப்படை நாளில் இவள். கறந்த நேரத்தை எழுதி வைக்கக் கொட்டகைத் தூணில் ஒரு கரும்பலகையை மாமா மாட்டிவிட்டார். நேராகத் திட்ட முடியாததால் மாட்டிடம் சொல்வதுபோல் திட்டிக்கொண்டார்கள். புருஷன் வீட்டில் குப்பை கொட்டத் தெரியாமல் திரும்பி வந்த மூதேவி என்று பெரியவள் ஒரு கன்றுக்குட்டியைப் பார்த்துச் சொல்லுவாள். பிள்ளைப்பூச்சியைக் கட்டிக்கொண்டு ஊரையே அதட்டுகிற மகராசி என்று சின்னவள் தீனி வைக்கிற சாக்கில் ஒரு பசுவிடம் கத்துவாள். பிள்ளைப்பூச்சி என்றது அக்கா புருஷனை. அவர் செய்தித்தாளைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொள்வார்.

இதோடு நின்றிருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. நெருப்பு வைத்தது பால் நிலையத்து அளவுக்காரர். வேண்டுமென்று வைக்கவில்லை. அந்த ஆளுக்குச் சும்மா இருக்க வராது, அவ்வளவுதான். அப்பா காலத்து நேரப்படி காலை ஐந்து மணிக்கும் மாலை நான்கு மணிக்கும் கறவை. ராத்திரி இடைவெளி நீளம் என்பதால் காலையில் பால் கூடுதலாக இருக்கும், கொஞ்சம் நீர்த்திருக்கும். மாலையில் அளவு குறையும், கொழுப்பு ஏறும். மடியில் எவ்வளவு நேரம் தேங்குகிறதோ அதைப் பொறுத்த விஷயம். உங்கள் அக்கா கேன் தளும்பத் தளும்ப வருகிறது, உங்களுடையது ஏன் கழுத்து வரைக்கும்கூட இல்லை என்று அவர் சின்னவளிடம் கேட்டார். உங்கள் தங்கை பால் என்ன கெட்டி, உங்களுடையதில் மீன் விடலாம் போல என்று பெரியவளிடம் சொன்னார்.

மாட்டோடு பிறந்து மாட்டோடு வளர்ந்தவர்களுக்கு இதன் காரணம் தெரியாதா? நன்றாகவே தெரியும். தெரிந்ததை வைத்துத்தான் வேலையைக் காட்டினார்கள். சின்னவளுக்கு அளவு வேண்டும். நாலு மணிக் கறவையை ஐந்தாக்கினாள், ஆறாக்கினாள், கடைசியில் ஏழில் கொண்டுவந்து நிறுத்தினாள். நிலையத்தை ஏழரைக்கு மூடிவிடுவார்கள், அதற்கு மேல் தள்ள முடியாது. பெரியவளுக்குக் கெட்டிப்பால் வேண்டும். அவள் ஐந்தை நாலரையாக்கி, நாலாக்கி, மூன்றரைக்கு இழுத்தாள். இரண்டு வருஷத்தில் முதல்முறையாக அக்காவும் தங்கையும் ஒரே திசையில் இழுத்தார்கள். நடுவில் மாடுகள் பகலெல்லாம் கறக்கப்படாமல் நின்றன.

பலகையில் மட்டும் ஒரு மாற்றமும் இல்லை. காலை 5.00, மாலை 4.00 என்று வரிசையாக நின்றது. ஞாயிற்றுக்கிழமைதோறும் மாமா வந்து அதைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போவார். பெரியவள் எழுதுவது பொய் என்று சின்னவளுக்குத் தெரியும். சின்னவள் எழுதுவது பொய் என்று பெரியவளுக்குத் தெரியும். காட்டிக்கொடுத்தால் தன் வண்டவாளமும் வெளியே வரும் என்பதால் இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். நாளடைவில் பெரியவள் பால் கெட்டியானது, சின்னவள் பால் கூடியது. அப்போதாவது திருப்தி வந்ததா என்றால் அதுவும் இல்லை. இப்போது கேன் நிறையவில்லையே என்று பெரியவள் குமைந்தாள், கொழுப்பு ஏறவில்லையே என்று சின்னவள் பொருமினாள்.

எட்டிலும் அதிகம் கறப்பவள் மொட்டை. அதனால் முதலில் தாங்க முடியாமல் போனது அவளுக்குத்தான். ஒரு நாள் சாயங்காலம் ஆறு மணிக்குச் சின்னவள் கொட்டகைக்குள் வந்தபோது மொட்டையின் காம்புகளிலிருந்து பால் தானாகவே சொட்டிக்கொண்டிருந்தது. பின்னால் தரையில் வெள்ளையாக ஒரு குட்டை. மடி நிறைந்து வழிகிறது என்று சின்னவளுக்குச் சந்தோஷம் வந்தது. நம்புங்கள், சந்தோஷம்தான் வந்தது. அடுத்தபடியாக வந்தது பயம். பால் வழிந்த தடத்தை மாமா பார்த்தால் நேரத்தைக் கண்டுபிடித்துவிடுவார். அவள் தச்சுப்பட்டறைக்குப் போய் இரண்டு மூட்டை மரத்தூள் வாங்கி வந்து மொட்டையின் கீழே கனமாகப் பரப்பினாள். குட்டை மறைந்துபோனது.

மரத்தூள் பாலையும் மூத்திரத்தையும் குடித்து ஊறியது. மொட்டை அதன்மேல்தான் படுத்தாள். எழுந்து நின்றால் காம்பில் தூள் ஒட்டியிருக்கும். சின்னவள் துணியால் துடைத்துவிட்டுக் கறவை மெஷினின் நாலு கப்பையும் மாட்டுவாள். முதல் பீச்சைக் கறுப்புத் தட்டில் பீச்சிப் பார்த்துவிட்டுத்தான் மெஷினை வைக்க வேண்டும் என்பது அப்பா சொல்லிக் கொடுத்த முறை. பால் கெட்டிருந்தால் கறுப்பில் பளிச்சென்று தெரியும். ஆனால் ஏழு மணிக்குக் கறந்து ஏழரைக்குள் நிலையத்துக்கு ஓட வேண்டியவளுக்குத் தட்டு எங்கே, பீச்சு எங்கே. தட்டைக் கடைசியாக எப்போது கையில் எடுத்தாள் என்று அவளுக்கே ஞாபகமில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் மொட்டை உதைத்தாள். கன்றாக இருந்த நாளிலிருந்து சின்னவளை உதைக்காதவள். சின்னவள் குனிந்து மடியில் கை வைத்தாள். வலது பின்பக்கக் காம்புக்கு மேலே மடி கருங்கல்போல் இறுகி, கொதித்தது. தட்டைத் தேடி எடுத்து அந்தக் காம்பைப் பீச்சினாள். பால் வரவில்லை. மஞ்சள் தண்ணீரும், திரிந்த பாலில் மிதப்பதுபோல் திரிதிரியாகவும், ஒரு நூல் ரத்தமும் வந்தன. மாட்டு டாக்டரம்மாவுக்குப் போன் செய்தாள். இரண்டு பிரசவம் கையில் இருக்கிறது, காலையில் முதல் வேலையாக வருகிறேன் என்று அந்த அம்மாள் போனை வைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் சின்னவள் செய்த முதல் காரியத்தைச் சொல்லத்தான் வேண்டும். மொட்டைக்குத் தண்ணீர் வைப்பதற்கு முன்னால் மரத்தூளை முழுக்க வாரிக் கொட்டகைக்குப் பின்னால் கொட்டினாள். தரையை இரண்டு முறை கழுவினாள். உதவி கேட்டு ஆளை வரச் சொல்லிவிட்டு, அவர் வருவதற்குள் தடயத்தை அழித்தாள். அப்படித்தான் இருந்தது அவள் புத்தி.

டாக்டரம்மா முழங்கால் வரை ரப்பர் பூட்ஸோடு வந்து இறங்கினார். பின்னாலேயே மாமாவும் வந்து சேர்ந்தார். மெஷின் அறை வாசலில் பெரியவள் கை கட்டி நின்றாள். டாக்டரம்மா காய்ச்சல் பார்த்தார், மடியைத் தடவினார், ஒரு சின்னக் குப்பியில் பீச்சி மூடிக்கொண்டார். கறவை நேரம் என்ன என்று கேட்டார். சின்னவள் வாயைத் திறப்பதற்குள் மாமா முன்னால் வந்து பலகையைக் காட்டினார். இரண்டு வருஷமாக ஒரு நிமிஷம் பிசகியதில்லை, நான் வகுத்த ஏற்பாடு என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

டாக்டரம்மா பலகையைப் பார்த்தார், ஈரம் உலர்ந்த தரையைப் பார்த்தார்.

"நேரமும் சரியா இருக்கு, தரையும் சுத்தமா இருக்கு. அப்ப இது மெஷின் வழியா மாட்டுக்கு மாடு ஒட்டுற வகையாத்தான் இருக்கும். சாம்பிள் முடிவு வர மூணு நாள் ஆகும். அதுக்குள்ள மத்த ஏழும் மாட்டிக்கும். என்னைக் கேட்டா இவளை இன்னைக்கே அனுப்பிடுங்க."

எங்கே அனுப்புவது என்று யாரும் கேட்கவில்லை. மடி போன மாட்டை எதற்கு வாங்குவார்கள் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும்.

"அனுப்பிடலாம் மாமா," என்றாள் பெரியவள்.

அவள் குரலில் ஒரு நடுக்கம்கூட இல்லை. சின்னவள் அக்காவை நிமிர்ந்து பார்த்தாள். அந்தக் கோணல் விரல் முழங்கைக்கு அடியில் மறைந்திருந்தது. மூன்றரை மணி வெளியே வராமல் இருக்க மொட்டையையே விட்டுவிடத் துணிந்துவிட்டாளே என்று அவளுக்கு ஆத்திரம் வந்தது. அதே நொடியில் தானும் வாய் திறக்காமல்தான் நிற்கிறோம் என்பதும் உறைத்தது. வாயைத் திறந்தால் மாலைப் பால் போய்விடும். கல்யாணத்தை உதறிவிட்டு ஒரே ஒரு பெட்டியோடு வந்தவளுக்கு இந்த உலகத்தில் சொந்தமென்று இருப்பது அந்த ஒரு வேளைப் பால்தான். அதுவும் போனால் முன்பக்கத்துக் கதவைத்தான் தட்ட வேண்டும். டாக்டரம்மா மாட்டை அனுப்புவதற்கான சீட்டை எழுத ஆரம்பித்தார். மொட்டை வலி பொறுக்காமல் காலை மாற்றி மாற்றி ஊன்றினாள்.

"டாக்டர், எழுதாதீங்க. அந்தப் பலகை பொய்."

மாமா, என்ன உளறுகிறாய் என்றார். சின்னவள் அவர் பக்கம் திரும்பவே இல்லை. நாலு மணி இல்லை, ஏழு மணிக்குக் கறக்கிறேன், ஒன்றரை மாதமாக என்றாள். பால் சொட்டியதைச் சொன்னாள். மரத்தூள் போட்டு மூடியதையும், அதைக் காலையில் வாரிக் கொட்டியதையும் சொன்னாள். டாக்டரம்மா கொட்டகைக்குப் பின்னால் போய்க் குவியலுக்குள் கையை விட்டார். உள்ளே வெதுவெதுவென்று இருந்தது. புளித்த நாற்றம் அடித்தது. கையைக் கழுவிக்கொண்டே பெரியவளைப் பார்த்து, காலையில் எத்தனை மணிக்கு என்றார்.

"அஞ்சு," என்றாள் பெரியவள்.

"மூணரை," என்றாள் சின்னவள். "மெஷின் சத்தம் என் தலைமாட்டுலதான் கேக்குது."

"நீ ஏழு மணி வரைக்கும் இழுப்ப, நான் மட்டும் நேரம் பாத்துக் கறக்கணுமா?"

இரண்டு வருஷத்துக்குப் பிறகு அக்கா தங்கையிடம் நேராகச் சொன்ன முதல் வார்த்தை அதுதான். அதில் ஒப்புக்கொண்டதும் அடங்கிவிட்டது. டாக்டரம்மா விரல் விட்டு எண்ணினார்.

"பதினஞ்சரை மணி நேரம். உங்க ரெண்டு பேரையும் பதினஞ்சரை மணி நேரம் கக்கூஸுக்கு விடாம நிக்க வச்சா அப்பத் தெரியும்."

பிறகு அவர் பேசியதெல்லாம் திட்டுதான், ஆனால் விஷயமும் அதிலேயே இருந்தது. மடி அளவுக்கு மேல் நிறைந்தால் காம்பின் துவாரம் இளகித் திறந்துகொள்ளும். பால் வெளியே வருகிற வழியில்தான் கிருமி உள்ளே போகும். அழுகிய மரத்தூளில் படுக்க வைத்தால் கிருமிக்குக் கதவைத் திறந்துவிட்டு விருந்தும் வைத்த மாதிரி. ஆகவே இது மற்ற மாட்டிலிருந்து வந்ததாகத் தெரியவில்லை. மெஷின் வைக்காமல், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் அந்தக் காம்பைக் கையால் பீச்சிக் காலி செய்து மருந்து ஏற்ற வேண்டும். கறந்ததைக் கீழே கொட்ட வேண்டும். முடிவு வரும்வரை மொட்டையைத் தனியாகக் கட்டினால் போதும், அனுப்ப வேண்டியதில்லை. சீட்டைக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டார்.

ஊசி மருந்தை ஏற்றிக்கொண்டே டாக்டரம்மா, திரி எப்போது முதலில் கண்ணில் பட்டது என்று கேட்டார். நேற்று சாயங்காலம் என்றாள் சின்னவள். காலையில் கறக்கிறவங்க என்று அவர் திரும்பினார். பெரியவள் தரையைப் பார்த்தாள்.

"புதன்கிழமை."

நாலு நாள். பெரியவள் அப்பா சொன்னபடி தட்டில் பீச்சிப் பார்க்கிறவள். புதன்கிழமை காலையில் கறுப்புத் தட்டில் இரண்டு திரியைப் பார்த்திருக்கிறாள். அந்தக் காம்பை மட்டும் தரையில் பீச்சி விட்டுவிட்டு மற்ற மூன்றையும் கறந்திருக்கிறாள். தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறாள். மறுநாளும் அப்படியே, அதற்கு மறுநாளும் அப்படியே. கெட்ட பால் சாயங்காலம் தங்கை கேனில் விழட்டும், நிலையத்தில் நாலு பேர் முன்னால் கேனைத் திருப்பி அனுப்பட்டும் என்று காத்திருந்திருக்கிறாள். இதையெல்லாம் அவள் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. சின்னவளுக்கு அக்காவைத் தெரியும்.

"புதன்கிழமையே கூப்பிட்டிருந்தா ரெண்டு ஊசியில முடிஞ்சிருக்கும்," என்றார் டாக்டரம்மா. "இப்ப உறுதி சொல்ல மாட்டேன்." பையை மூடிக்கொண்டு வண்டியில் ஏறினார்.

அன்றைக்குப் பகல் முழுக்க இரண்டு பேரும் கொட்டகையிலேயே கிடந்தார்கள். ஒருத்தி பீச்ச, ஒருத்தி கால் கட்டைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. மொட்டை அப்படி உதைத்தாள். வெந்நீரில் துணியை நனைத்து ஒற்றடம் கொடுத்தார்கள். மூன்றாவது தரம் பீச்சும்போது சின்னவளால் அடக்க முடியவில்லை.

"என்னைத் திட்டுறதுன்னா மாட்டுக் காதுல ஓதத் தெரியுது. இதை ஓத வாய் வரலையா? எனக்குச் சொல்ல வேணாம். ஜாடையா ஒரு கன்னுக்குட்டிகிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?"

பெரியவள் கயிற்றை இறுக்கினாள். "நீ மரத்தூளை வாரிக் கொட்டினப்போ எங்கடி போச்சு உன் வாய்?"

சின்னவள் வெந்நீரில் துணியைப் பிழிந்தாள். மொட்டையின் மடியில் அந்தக் கோணல் விரலும் இந்தக் கையும் ஒன்றை ஒன்று தொடாமல் வேலை செய்தன. மன்னிப்பு என்ற சொல் அந்தக் கொட்டகைக்குள் அன்றைக்கு வரவில்லை, அதன் பிறகும் வரவில்லை.

மாமாவுக்கு ஒரு தீர்ப்பு பாக்கி இருந்தது. சாயங்காலம் அவர் திண்டாடிப்போய் உட்கார்ந்திருந்தார். நேரம் தவறியவள் வேளை மற்றவளுக்கு என்பது அவர் வாயாலேயே சொன்னது. இரண்டு பேரும் தவறியிருந்தார்கள். கணக்குப் பண்ணிப் பார்த்ததில் காலைப் பால் சின்னவளுக்கும் மாலைப் பால் பெரியவளுக்கும் போனது. இதற்கு மேல் தன்னைக் கூப்பிட வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மோர்கூடக் கேட்காமல் எழுந்து போனார். இனி காலை ஐந்து, மாலை ஐந்து என்று அக்காவும் தங்கையும் தாங்களே வைத்துக்கொண்டார்கள். பேசி வைத்துக்கொள்ளவில்லை. மறுநாள் காலை சின்னவள் பலகையில் 5.00 என்று எழுதினாள், அன்று மாலை அதன் கீழே இன்னொரு 5.00 விழுந்தது. ஒருத்தி கறக்கும்போது மற்றவள் கைக்கடிகாரத்தோடு வாசலில் வந்து நிற்பாள். முதல் பீச்சைத் தட்டில் பார்த்தாளா என்று எட்டிப் பார்ப்பாள். போலீஸ்காரன்கூட அப்படி நிற்க மாட்டான்.

மூன்றாம் நாள் முடிவு வந்தது. டாக்டரம்மா சொன்னதுதான், மரத்தூளில் வளர்கிற கிருமி. மற்ற ஏழு மாடுகளுக்கும் ஒன்றும் ஆகவில்லை. மொட்டைக்குக் காய்ச்சல் இறங்கியது, தீனி எடுத்தாள், வீக்கமும் வடிந்தது. ஆனால் அந்தக் காம்பு திரும்பவில்லை. பத்து நாள் பீச்சியும் இரண்டு சொட்டுத் தண்ணீர்தான் வந்தது. பதினோராவது நாள் அதுவும் நின்றது. வலது பின்பக்கம் மடி வற்றி, காலியான பால் பைபோல் சுருங்கித் தொங்கியது. டாக்டரம்மா போனிலேயே, விடுங்கள், இனி அது அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு மொட்டைக்கு மெஷின் வைக்கும்போது மூன்று கப்பை மாட்டிவிட்டு, நாலாவதன் வாயை ரப்பர் மூடியால் அடைக்க வேண்டியிருந்தது. அந்த மூடி தூணில் ஒரு ஆணியில் தொங்கியது. காலையில் சின்னவள் எடுப்பாள், மாலையில் பெரியவள் எடுப்பாள். எடுக்கும்போது வாசலில் நிற்பவள் எப்போதும் வேறு பக்கம் பார்ப்பாள்.

ஒரு மாதம் கழித்துச் சின்னவள் காலைக் கேனை நிலையத்தில் இறக்கினாள். அளவுக்காரர் பாலைப் பார்த்தார், கொழுப்பு பார்க்கிற மெஷினைப் பார்த்தார், நேற்று மாலை எழுதியதைப் புரட்டிப் பார்த்தார். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"என்னம்மா இது, உங்க அக்கா பாலும் உங்க பாலும் ஒண்ணு போல வருது. அளவும் அதே, கொழுப்பும் அதே. ரெண்டு பேரும் ராசியாயிட்டீங்க போல."

சின்னவள் காலிக் கேனை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"ராசியெல்லாம் ஆகல," என்றாள். "ஒரு காம்பு செத்துப்போச்சு, அவ்வளவுதான்."